எண்பத்தொரு கிலோ

வால்பாறைக்காரிகளுக்கு என்ன நாலு கையா? கொச்சியிலிருந்து வந்த ஆபீசர் சுவரில் படம் காட்டி விளக்கியபோது அதைக் கேட்டிருக்க வேண்டும். எங்கள் கம்பெனிக்கே அங்கும் எஸ்டேட் உண்டு. அங்கே கூலி குறைவு, ஆளுக்கு அறுபது கிலோ கொழுந்து. இங்கே இடுக்கியில் கூலி அதிகம், கொழுந்து நாற்பதுதான். இப்படியே போனால் டிவிஷனைப் பூட்ட வேண்டியதுதான் என்றார். எங்கள் தேயிலைச் செடிகள் கிழடு தட்டியவை. யானை நின்றால் பத்து மணி வரை தேயிலைக் காட்டில் கால் வைக்க முடியாது. அதெல்லாம் அந்தப் படத்தில் இல்லை. மறுநாள் தன் கண் முன்னால் கொழுந்து வெட்டிக் காட்டச் சொன்னார்.

எங்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. கூடவே ஞானஜோதியக்காவை நினைத்துப் பயமும் வந்தது. கத்திரி பிடித்துப் பிடித்து அவளுக்குத் தோள்பட்டை போய்விட்டது. இருபத்தைந்து கிலோவைத் தாண்டாது. ஓய்வுக்கு இன்னும் எட்டு மாதம். அதுவரை வேலையில் பேர் இருந்தால்தான் கம்பெனி கொடுத்த லயத்து வீடு. மகள் டின்சி பாலக்காடு பக்கம் சித்தூர் காலேஜில் கடைசி வருஷம். அவள் ஒரு வேலையில் சேரும்வரை தாய்க்கும் மகளுக்கும் அந்த ஒற்றை அறைதான் கதி. அதனால் ஒரு வருஷமாக நாங்கள் நாலு பேர், சூப்பர்வைசர் செபாஸ்டின் திரும்பும் நேரம் பார்த்து, அவள் சாக்கில் ஆளுக்குக் கொஞ்சம் கொழுந்து போட்டு நாற்பதாக்கிவிடுவோம்.

அன்றைக்கு ஆபீசர் பக்கத்திலேயே நின்றதால் யாரும் யாரிடமும் வாய் திறக்க முடியவில்லை. அவர் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து நான் அஞ்சு கிலோ போட்டேன். மற்றவர்கள் பயந்து போடாமல் இருந்துவிட்டால் என்று எனக்கு நினைப்பு. எல்லோருக்கும் அதே நினைப்பு இருந்திருக்கிறது. வழக்கமான நாலு பேர் மட்டுமல்ல, பதினோரு பேர் போட்டிருக்கிறோம்.

தராசில் எண்பத்தொன்று வந்தது. ஜோதியக்கா முகம் வெளுத்துப்போனாள்.

"சேச்சிக்கு வயசு எத்ர?" என்று ஆபீசர் மலையாளம் கலந்து கேட்டார்.

"அம்பத்தேழு சார்."

"இத்ர எப்படி முடிஞ்சது?"

உண்மையைச் சொன்னால் வீடு போகும். அவள் எங்களைப் பார்த்தாள்.

"கர்த்தர் கிருபை சார்," என்றாள்.

ஆபீசர் கைதட்டி, ஒரு பிளாஸ்க் பரிசு கொடுத்தார். அடுத்த வாரமே, காலையில் பேர் கூப்பிடும் மஸ்டர் ஆபீசில் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஐம்பத்தேழு வயதுக்காரி எண்பத்தொன்று வெட்டும்போது மற்றவர்களுக்கு என்ன கேடு? இனி ஆளுக்கு அறுபத்தைந்து. ஒரு வாரம் தொடர்ந்து எட்டாதவர்களுக்கு உடல் தகுதியில்லை என்று எழுதி முன்கூட்டியே ஓய்வு.

வால்பாறையிலிருந்து என் தங்கை இந்து போன் செய்தாள்.

"யக்கா, ஒங்க டிவிஷன்ல ஒருத்தி எம்பத்தொண்ணு வெட்டுனாளாமே. இங்கன போர்டுல எழுதிப் போட்டு எங்க உசுர வாங்குதானுவ. ஏன்க்கா இப்படிச் செஞ்சீய?"

போனை வைத்துவிட்டேன்.

புதுக் கணக்கு திங்கட்கிழமை தொடங்கியது. தண்ணீர் குடிக்கக்கூட யாரும் நிமிரவில்லை. செவ்வாய், புதன், எந்த நாளும் எவளும் எவள் சாக்கிலும் எதுவும் போடவில்லை. ஜோதியக்கா எதிர் வரிசையில் நடுநடுவே இடது கையால் வலது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டு வெட்டினாள். ஒரு வருஷமாக என் சாக்கைத் திரும்பிக்கூடப் பார்க்காதவள், சனிக்கிழமை மத்தியானம் பார்த்தாள்.

"முத்துப்பேச்சி," என்றாள்.

"எனக்கே எட்டலக்கா," என்று சாக்கின் வாயை இறுக்கிக் கட்டினேன்.

அன்று அவளுக்கு இருபத்துமூன்று. செபாஸ்டின் எழுதிக்கொண்டார். பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு அவள் தனியாக லயத்துக்கு இறங்கினாள்.

எனக்கு அறுபத்தாறு. ஒரு கிலோ கூடுதலாகவே இருந்தது.