வாதிசெல்

குமரேசன் ஓமனுக்குப் போய் இருபது நாள். பேரீச்சம்பழம் அடுக்கும் வேலை என்று சொல்லி ஏஜென்ட் மாதையன் அழைத்துப் போனான். போன வருடம் கட்டட வேலை என்று அவன் கூட்டிப்போன இரண்டு பேர், செம்மரம் வெட்டியதாக ஆந்திரச் சிறையில் இருக்கிறார்கள்.

குமரேசன் பேசுவதில்லை. எஸ்.எம்.எஸ். மட்டும். பேசினால் பேலன்ஸ் கரைந்துவிடுமாம். எண் +372 என்று தொடங்கியது.

ஜமுனாமரத்தூர் சந்தைக்கு வந்த அவன் மனைவி அன்பரசி, காசியின் செல்போன் கடையில் ஏறிப் போனை நீட்டினாள். காசி ஆறு வருடம் மஸ்கட்டில் டிரைவராக இருந்தவன்.

“அண்ணா, இது ஓமன் நம்பரா?”

“இல்லம்மா. எஸ்டோனியா.”

“அது எங்க கீது?”

“எங்கயோ. நாடு நாடா சுத்துறவங்க போட்ற சிம்மு. நம்பர வெச்சி ஆளு எங்க கீறான்னு சொல்ல முடியாது. எனுக்கும் ஒண்ணு வேணும். எம் பொண்டாட்டி நாளைக்கு இருபது தபா போன் பண்றா.”

அவள் சிரிக்கவில்லை.

“வேற எப்டித் தெரியும்?”

“போன் மேல நெட்வொர்க் பேரு வரும். எந்த ஊர்ல கீறானோ அந்த ஊர்க் கம்பெனி. இன்னா காட்டுதுன்னு கேளு.”

கேட்டாள். நான்கு நிமிடத்தில் பதில் வந்தது.

‘வாதிசெல். ஏன் கேக்குற?’

“ஓமன் கம்பெனிதான்,” என்றான் காசி. அன்பரசி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். காசி போனைத் திருப்பித் தரவில்லை.

“ஆனா இப்ப அந்தப் பேரு இல்லியே. நான் அங்க கீறப்பவே மினார்னு மாத்திட்டாங்க. போன்லயும் மினார்னுதான் காட்டும்.”

எண்ணை எழுதி குமரேசன் கொடுத்துவிட்டுப் போன அட்டை அவள் பையில் இருந்தது; எடுத்து நீட்டினாள். சிம் ஒட்டி வந்த அட்டை. பின்பக்கம் நாடுகள், கம்பெனிப் பெயர்கள், பொடி எழுத்தில். ஓமனுக்கு நேரே வாதிசெல்.

“பழைய அட்ட,” என்றான் காசி.

மாதையன் கையில் இப்படி ஒரு கட்டு அட்டைகளை அவள் பார்த்திருந்தாள். பதில் போனைப் பார்த்து வரவில்லை, அப்படி ஓர் அட்டையைப் பார்த்து வந்தது.

போனை வாங்கி, காசிக்குத் தெரியாமல் தட்டினாள்.

‘எந்தக் காடு?’

இந்த முறை ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

‘யாரு சொன்னா?’

“இன்னாம்மா, பதில் வந்துச்சா?”

“இல்லண்ணா.”

சாலைக்கு வந்தாள். ‘யாரும் சொல்லல. வூட்டுக்கு வந்துடு’ என்று அனுப்பினாள். அவள் ஊருக்குப் போகும் பஸ் நின்றிருந்தது. அதைத் தாண்டி, மாதையன் வீட்டுப் பக்கம் நடந்தாள்.