கல்யாண வீடியோக்காரர் எடுத்த ஃபைனல்

சனிக்கிழமை சாயங்காலம் வந்துவிட்டால் போதும், அந்த சலூனில் கால்பந்தைப் பிழிந்து காயப்போட்டுவிடுவார்கள். முடி வெட்டிக்கொள்ள வருகிறவர் ஏரியாவுக்குப் புதுசாக இருந்தால் ஐயோ பாவம். சலூன்காரருக்கு ஒரு கண் டி.வி.யில், இன்னொரு கண் சண்டையில், கத்தரிக்கோல் மட்டும் அதன் இஷ்டத்துக்குப் போய்க்கொண்டிருக்கும். விவரம் தெரிந்தவர்கள் வெள்ளிக்கிழமையே வந்து தலையைக் காப்பாற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

சண்டை இரண்டு பேருக்கு. ஒருவர் எதிர்வரிசையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். இன்னொருவர் அவருடைய மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன், டயர் கடைக்காரர். ஆனால் டயர் கடைக்காரர் என்று யாரும் சொல்வதில்லை. சோப்புக் கம்பெனி அணிக்கு ஒரு காலத்தில் பத்தாம் நம்பர் சட்டை போட்டு ஆடியவர் என்பதால் இன்றைக்கும் அவர் பத்தாம் நம்பர்தான். இடுப்பு நாற்பத்திரண்டு ஆகிவிட்டது, நம்பர் மட்டும் ஏறவில்லை.

இரண்டு பேரும் இருபத்தெட்டு வருடமாக ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. ஆனாலும் சனிக்கிழமை தவறாமல் வந்து, பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, சலூன்காரர் வழியாகச் சண்டை போடுவார்கள். நடுவில் இருப்பது ஒன்றரை அடி. அதற்கு ஒரு தபால்காரர்.

"இந்தக் காலத்துல ஆடுறதெல்லாம் ஒரு ஆட்டமான்னு கேளுங்க," என்று கண்ணாடிக் கடைக்காரர் ஆரம்பிப்பார். "காத்து பட்டா விழறான். விழுந்தா நாலு உருளு உருள்றான். எழுந்ததும் முதல்ல தலைமுடியைச் சரி பண்றான். அந்தக் காலத்துல முழங்கால் பேந்தாலும் மண்ணை அள்ளிப் பூசிக்கிட்டு ஓடினாங்க!"

"பூசின மண்ணுல சீழ் பிடிச்சு ஆறு மாசம் படுத்தாங்க, அதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்க," என்பார் பத்தாம் நம்பர், கண்ணாடியில் தெரியும் தன் முகத்தைப் பார்த்தபடி. "இன்னிக்கு வீடியோவை ஓட்டிப் பார்க்கிற மிஷின் இருக்கு. கோல்னா கோல், இல்லைன்னா இல்லை. எவனோ ஒருத்தன் கையில துணி கட்டின குச்சியைக் குடுத்து, அவன் வச்சதுதான் சட்டம்னு இருந்ததே, அதுவும் ஒரு காலமா?"

துணி கட்டின குச்சி என்றதும் கண்ணாடிக் கடைக்காரருக்கு முகம் சிவந்துவிடும். ஏனென்றால் அந்த எவனோ ஒருத்தன் அவர்தான்.

இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால் சோப்புக் கம்பெனிக்கும் பஸ் டிப்போவுக்கும் ஃபைனல். லைன்ஸ்மேனாக வரவேண்டியவருக்கு அன்றைக்குப் பார்த்து வயிற்றைக் கலக்கிவிட்டது. கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவனுக்குக் கண் நன்றாகத்தான் தெரியும் என்று கமிட்டியில் ஒரு மேதை கண்டுபிடித்து, கொடியை இவர் கையில் திணித்தார். கடைசி நிமிடம், இரண்டு பக்கமும் கோல் இல்லை. பத்தாம் நம்பர் பந்தை வலைக்குள் அடித்தார். கொடி மேலே போனது. ஆஃப்சைடு. பந்து கிளம்பும்போதே டிப்போக்காரர்களைத் தாண்டி முன்னால் நின்றிருந்தாராம், கோல் செல்லாது. அப்புறம் பெனால்ட்டியில் டிப்போ ஜெயித்தது. பெரிய கிளப்புக்கு ஆள் எடுக்க வந்திருந்தவர் டிப்போ கோல்கீப்பரைக் கூட்டிக்கொண்டு போனார். பத்தாம் நம்பர் பஞ்சர் ஒட்டப் போனார்.

அதோடு விட்டிருக்கலாம். கொடியைத் தூக்கியவர் ஆறே மாதத்தில் பத்தாம் நம்பரின் தங்கையைப் பெண் கேட்டு வந்து நின்றார். அவளுக்கும் சம்மதம், அப்பாவுக்கும் சம்மதம். அண்ணன் மட்டும் தாம் தூம் என்று குதித்தார். கல்யாணத்துக்கு வரவில்லை. அன்றைக்கு அவருக்குப் பயிற்சி இருந்ததாம். எந்த அணிக்கு என்று யாரும் கேட்கவில்லை. அன்றிலிருந்து தங்கையோடும் பேச்சு நின்றுபோனது. அவள் டயர் கடைப் பக்கம் போனால், வேலை தலைக்கு மேல் இருப்பவர்போல ஏதாவது ஒரு வண்டிக்கு அடியில் புகுந்துகொள்வார்.

ஆகவே, தற்காலக் கால்பந்து உருப்பட்டதா, நாசமாய்ப் போனதா என்று இவர்கள் வாரா வாரம் தொண்டை கிழியக் கத்தியதற்கும் கால்பந்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஒருவருக்கு லைன்ஸ்மேன் பேச்சே வேதமாக இருந்த காலம் பொற்காலம். இன்னொருவருக்கு லைன்ஸ்மேனை ஓரங்கட்டிய மிஷின் தெய்வம். அக்குள் எத்தனை அங்குலம் வெளியே நீண்டிருக்கிறது என்று மிஷின் கோடு போட்டு ஐந்து நிமிடம் அளந்தாலும், பத்தாம் நம்பர் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறையாகப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இப்போது கண்ணாடிக் கடைக்காரரின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பத்திரிகை அச்சாகி வந்த அன்று மனைவி அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

"எங்கண்ணன் வரணும்," என்றாள்.

"பத்திரிகை வச்சாச்சுல்ல? வந்தா வரட்டும்."

"வைக்கப் போனேன். வண்டிக்கு அடியிலேருந்து வெளியே வரலை. டயர் மேல வச்சுட்டு வந்தேன். நீங்க போய் ஒரு வார்த்தை சொல்லுங்களேன். தப்பா நடந்துபோச்சு மச்சான்னு. என்ன குறைஞ்சிடுவீங்க?"

"கண்ணால பார்த்ததை இல்லைன்னு சொல்லச் சொல்றியா? ரெண்டு கண்ணால பார்த்தேன்."

"எனக்கு அவனை விட்டா கூடப்பிறந்தவங்க யாருங்க இருக்காங்க?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏற்கெனவே துடைத்ததுதான்.

வழி கண்டுபிடித்தது மகள். ஃபோட்டோ ஸ்டுடியோ ஒன்றை இழுத்து மூடும்போது வெளியே எடுத்துப் போட்ட பழைய கேசட்டுகளில் அந்த ஃபைனலும் இருப்பதாகக் கேள்விப்பட்டு, வாங்கிக்கொண்டு வந்து, கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டாள். "நான் பார்க்கலை. எல்லாரும் சேர்ந்தே பார்ப்போம். எது உண்மையோ அதைப் பார்த்துட்டு ரெண்டு பேரும் வாயை மூடணும்," என்றாள். மிஷின் பேச்சுக்கு மறுபேச்சு பேச முடியாமல் பத்தாம் நம்பரும் ஒத்துக்கொண்டார்.

சலூனுக்கு விடுமுறை நாளான செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில் எல்லாரும் கூடினார்கள். ரகசியமாகத்தான் ஏற்பாடு. அதனால் பதினைந்து பேர்தான் வந்திருந்தார்கள். மனைவி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தாள். அண்ணன் அவள் இருந்த பக்கம் கழுத்தைத் திருப்பவில்லை.

படம் ஓட ஆரம்பித்ததும் முதலில் இரண்டு ரோஜாப்பூ வந்து மோதிக்கொண்டது. பிறகு ஒரு இதயம் விரிந்து, அதற்குள் டிப்போ கோல்கீப்பர் தெரிந்தார். பின்னணியில் நாதஸ்வரம் இல்லாததுதான் குறை.

"யாருய்யா எடுத்தது இதை?" என்றார் சலூன்காரர்.

யார் எடுப்பது? அந்த ஸ்டுடியோவில் இருந்த ஒரே வீடியோக்காரர், கல்யாணத்துக்கு மட்டுமே கேமரா தூக்கிப் பழகியவர். கல்யாணத்தில் என்ன செய்வாரோ அதையேதான் மைதானத்திலும் செய்திருந்தார். வந்தவர்களில் ஒருவர் முகமும் விட்டுப்போகக்கூடாது, தலைவர் மனம் கோணக்கூடாது. பந்து ஒரு பக்கம் போக, கேமரா பெரிய மனிதர்களின் வரிசையை நலம் விசாரித்துக்கொண்டிருந்தது. கமிட்டித் தலைவர் வியர்வை துடைத்தார், படம். செயலாளர் கொட்டாவி விட்டார், படம். நடுநடுவே பாவம் என்று கொஞ்சம் கால்பந்தும் காட்டினார்.

"வருது, வருது, கடைசி நிமிஷம்!" என்றார் பத்தாம் நம்பர். நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். திரையில் ஒல்லியாக, தலை நிறைய முடியோடு அவரே ஓடிக்கொண்டிருந்தார். நடுக்களத்திலிருந்து ஒருவர் பந்தை உதைக்கக் காலை ஓங்கினார்.

அப்போது பார்த்துத்தான் கமிட்டித் தலைவருக்கு சோடா வந்தது.

கேமரா சட்டென்று திரும்பிவிட்டது. பாட்டில் பொங்கித் தலைவரின் வெள்ளைச் சட்டை முழுக்க வழிந்தது. வரிசை முழுக்கச் சிரிப்பு. பின்வரிசையில் ஒரு பெண் தலையைப் பின்னால் சாய்த்து, வாய்விட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எங்கிருந்தோ கோல் என்று ஒரு கூச்சல். கேமரா பதறித் திரும்பியபோது பந்து வலைக்குள் கிடந்தது, கொடி மேலே இருந்தது.

"அடப்பாவி!" என்று சலூனே அலறியது. மூன்று தடவை பின்னால் ஓட்டிப் பார்த்தார்கள். மூன்று தடவையும் சோடாதான் பொங்கியது.

"ஆதாரம் இல்லை," என்று சலூன்காரர் நீதிபதிபோலக் கையை விரித்தார். "கேஸ் தள்ளுபடி. சனிக்கிழமை வழக்கம்போல வாங்க."

பத்தாம் நம்பர் எழுந்து வாசலுக்கு நடந்தார். எல்லாரும் வீடியோக்காரரின் பரம்பரையையே திட்டிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக் கடைக்காரர் மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மற்றவர்கள் பந்தைத் தேடிக்கொண்டிருந்தபோது அவர் வேறொன்றைப் பார்த்துவிட்டிருந்தார். சோடா பொங்கிய நேரத்தில் படத்தின் இடது ஓரத்தில் பாதி ஆள் தெரிந்தான். கையில் கொடி. முகம் மைதானத்தின் பக்கம் இல்லை. அந்தச் சிரிக்கிற பெண்ணை வாயில் ஈ போவது தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தான். கூச்சல் கேட்டுத் திடுக்கிட்டுத் திரும்பினான், டிப்போ ஆட்கள் எல்லாரும் ஆஃப்சைடு கேட்டுக் கையைத் தூக்கியிருந்தார்கள், இவனும் தூக்கினான். அவ்வளவுதான். ரெண்டு கண்ணால பார்த்தேன், ரெண்டு கண்ணால பார்த்தேன் என்று சொல்லிச் சொல்லி அவரே அதை நம்பிவிட்டிருந்தார்.

யாரும் கவனிக்கவில்லை. சும்மா இருந்தால் செத்தாலும் வெளியே வராது. திரும்பினால், மனைவி அண்ணனின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மச்சான், நில்லுங்க," என்றார்.

கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டிருந்த சலூன்காரர் அப்படியே நின்றுவிட்டார். தபால்காரர் இல்லாமல் போன முதல் வார்த்தை அது.

"நான் பார்க்கலை மச்சான். நீங்க ஆஃப்சைடா இல்லையான்னு எனக்குத் தெரியாது. நான் உங்க தங்கச்சியைப் பார்த்துக்கிட்டிருந்தேன். எல்லாரும் கையைத் தூக்கினாங்க, நானும் தூக்கிட்டேன். மன்னிச்சுக்கோங்க."

பத்தாம் நம்பர் கதவுப் பிடியை விடவில்லை. அடிக்கப்போகிறார் என்று இரண்டு பேர் எழுந்தே விட்டார்கள்.

"மாப்பிள்ளை," என்றார் அவர். "நான் ரெண்டு அடி முன்னாடிதான் நின்னேன். பந்து வரும்போதே எனக்குத் தெரியும்."

"என்னது?"

"ஆஃப்சைடுதான். கொடி தூக்கினதுல தப்பில்லை. கிளப்புக்கு ஆள் எடுக்க வந்தவரு என்னை எடுக்கலை, அவ்வளவுதான். கொடி இல்லைன்னா எடுத்திருப்பாருன்னு சொல்றது சுலபமா இருந்துச்சு. சொல்லி ஆரம்பிச்சுட்டேன், அப்புறம் நிறுத்த முடியலை."

பார்க்காதவர் சொன்னது சரியாக இருந்திருக்கிறது, பாதிக்கப்பட்டவர் பாதிக்கப்படவே இல்லை. சலூன்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, ஆஹா, ஆண்மக்கள் இருவரும் உண்மையைப் பேசிவிட்டார்களே என்று யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள்.

"தட்டாதீங்க," என்றாள் மனைவி.

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. கைதட்டல் நின்றது. அவள் எழுந்து அண்ணனுக்கு நேரே போய் நின்றாள்.

"அப்பா செத்தப்ப நீ தெருமுனையில நின்னே. வீட்டுக்குள்ள வரலை. நான் ஜன்னல் வழியா உன்னைப் பார்த்துக்கிட்டே அழுதேன். எனக்குக் குழந்தை பிறந்தப்ப நீ வருவேன்னு நினைச்சேன். இவரைப் பிடிக்கலை, அதனால வரலைன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். ஆனா இவரைப் பார்க்க வாரா வாரம் வந்திருக்கியே அண்ணா! மழை பெஞ்சாலும் வந்து பக்கத்துல உட்கார்ந்து சண்டை போட்டிருக்கே. என்கூட வந்து ஒரு சண்டையாவது போட்டியா?"

கண்ணாடிக் கடைக்காரர் ஏதோ சொல்ல வந்தார்.

"நீங்க பேசாதீங்க," என்றாள். "நீங்களும்தான் வாரா வாரம் அவனைப் பார்த்துட்டு வந்தீங்க. வந்து எங்கிட்ட அவன் ஒழிஞ்சான், இவன் தோத்தான்னு ஸ்கோர் சொன்னீங்க. எங்கண்ணன் இளைச்சிருக்கானா, இருமுறானான்னு ஒரு நாள் சொன்னீங்களா?"

பிறகு அண்ணனைப் பார்த்து, "ஆறு மணிக்கு வீட்டுக்கு வா, சாப்பிடலாம்," என்றாள். கணவரிடம், "நீங்க வராதீங்க. நான் கூப்பிடும்போது வந்தா போதும்," என்றாள். மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஆறு மணிக்குக் கண்ணாடிக் கடைக்காரர் கடையில் உட்கார்ந்து, யாருமே கேட்காத ஃபிரேம்களை அடுக்கிக் கலைத்து மறுபடி அடுக்கினார். ஏழு மணிக்கு மேல் பொறுக்க முடியவில்லை. கூப்பிடாமலே வீட்டுக்கு நடந்தார். வாசலில் டயர்க் கரி படிந்த ஒரு ஜோடி செருப்பு கிடந்தது. கதவு சாத்தியிருந்தது. உள்ளே அண்ணன் என்னவோ சொல்ல, அவள் சிரித்தாள். சாதாரணச் சிரிப்பு இல்லை. மூச்சு வாங்க, போதும் அண்ணா போதும் என்று கெஞ்சிக்கொண்டு, வாய்விட்டு, அடக்க முடியாமல் சிரித்தாள்.

தட்டப் போனவர் தட்டாமல் நின்றார். அவள் சுபாவமே அப்படித்தான், அதிகம் சிரிக்கமாட்டாள் என்று அவர் இத்தனை வருடமும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.