சட்டப்படி இல்லாத வீடு

சட்டப் பேராசிரியர் காசிராஜனின் அக்கா சண்முகவடிவு குடியிருந்த வீடு, கணக்கெடுப்புக்காரர்கள் தாராவிக்கு வருவதற்கு முந்தின வாரம், தரையை விட்டு ஓர் ஆள் உயரம் எழும்பி அந்தரத்தில் நின்றுவிட்டது. நாலு சுவரும் தகரக் கூரையும் அப்படியே இருந்தன. கரண்ட் ஒயர் மட்டும் அறுந்து தொங்கியது. கறிவேப்பிலை வாங்கப் புறப்பட்டவள் வாசலில் கால் நீட்டியபோது படி இல்லாததைக் கண்டாள். எதிர்வீட்டு பேகம் ஓர் ஏணியைக் கொண்டுவந்து சாத்தினாள். அந்த வாரம் தக்காளி விலையும் ஏறியிருந்ததால், தெருவில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

காசிராஜன் வளர்ந்தது அந்த வீட்டில்தான். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு, சண்முகவடிவு தையல் கம்பெனியில் நூல் வெட்டித் தம்பியைப் படிக்க வைத்தாள். பெண் கேட்டு வந்தவர்களை, தம்பி படித்து முடிக்கட்டும் என்று திருப்பி அனுப்பினாள். அவன் படித்து முடித்தபோது யாரும் வரவில்லை. மாட்டுங்காவில் ஒரு கல்லூரியில் சொத்துச் சட்டம் கற்பிக்கக் காசிராஜனுக்கு வேலை கிடைத்தது. முலுண்டில் பிறந்து வளர்ந்த ஸ்ரீதேவியைக் கட்டிக்கொண்டு செம்பூரில் குடியேறினார். ஆனாலும் ஞாயிறுதோறும் தாராவிக்கு வந்து குடியிருப்போர் சங்க ஆபீசில் உட்கார்ந்து, ஜாமீன், சாதிச் சான்றிதழ், பாகப்பிரிவினை என்று வந்தவர்களுக்கெல்லாம் காசு வாங்காமல் வழி சொன்னார். அவர் உள்ளே நுழைந்தால் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். அந்த எழுந்து நிற்றல் இல்லாமல் அவரால் வாரத்தை ஓட்ட முடியாமல் போயிற்று.

தெருவை இடித்துவிட்டு மாடிக் கட்டடம் எழுப்பி, ஆளுக்கொரு ஃப்ளாட் கொடுப்பதாக ஏற்பாடு. ஆனால் காற்றில் நிற்கும் வீட்டுக்கு நம்பர் போடுவதா வேண்டாமா என்று தெரியாமல் சர்வே ஆபீசர் வரைபடத்தை மூடி வைத்துவிட்டார். சங்கத் தலைவர் வெயிலுமுத்து செம்பூருக்கு வந்தார்.

"சார், நீங்க ஒரு வார்த்த எழுதித் தாங்க. ஒங்க அக்கா வீட்டால நம்ம சனம் பூரா தொங்கிட்டு கெடக்கு."

தன்னால் வேலை கெட்டது என்று தாராவி பேசுவதைக் காசிராஜன் நினைத்துப் பார்த்தார். எழுதினார். நிலத்தைத் தொடாதது கட்டடம் ஆகாது. கட்டடம் இல்லையென்றால் குடியிருப்பு இல்லை. குடியிருப்பு இல்லையென்றால் அதில் குடியிருப்பவரும் இல்லை. எழுதி முடித்ததும், அக்காவைச் செம்பூருக்கு அழைத்துக்கொள்ளலாம் என்று ஸ்ரீதேவியிடம் சொன்னார். "ஹால்ல படுக்கட்டும். ஆனா எத்தன மாசத்துக்கு?" என்றாள் அவள். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கூட்டத்தைத் தெருவிலேயே போட்டார்கள். வீடு அதற்குள் இரண்டு ஆள் உயரம் போயிருந்தது. காசிராஜன் மைக்கைப் பிடித்து வாசித்து முடித்ததும் மேலே கதவு திறந்தது.

"ஏலே காசி, நான் இருக்கது வீடு இல்லங்கியா?"

"சட்டப்படி இல்லக்கா."

"அப்பம் நான்?"

அதற்கும் தாளில் பதில் இருந்தது. அவர் அதை இரண்டாம் முறை வாசிக்காமல் மைக்கை வெயிலுமுத்துவிடம் கொடுத்தார். ஜனம் கைதட்டியது. பொன்னாடை போர்த்தினார்கள். கூட்டம் கலைந்ததும், வீடே இல்லாத இடத்தில் ஏணி எதற்கு என்று சங்கத்து ஆட்கள் அதை எடுத்துப் போய்விட்டார்கள்.

வருஷங்கள் ஓடின. தெரு இடிபட்டது, பேகமும் மற்றவர்களும் சீத்தா கேம்ப், விக்ரோலி என்று வாடகைக்குப் போனார்கள். கட்டட வேலைக்கு வந்த பீகார்க்காரர்கள் சண்முகவடிவு இறக்கிய வாளியில் ரொட்டியும் தண்ணீரும் வைத்து அனுப்பினார்கள். அவர்களுக்குச் சட்டம் தெரியாது. காசிராஜனின் கருத்து சட்டப் பத்திரிகையில் வெளிவந்தது, பாடமானது, பரீட்சைக் கேள்வியானது. அவர் பிரின்சிபால் ஆனார். வகுப்பில் ஷாலினி என்ற மாணவி எழுந்து, "சார், தோ ஃபிர் வோ ரஹ்தீ கஹாங் ஹை?" என்றாள். அப்படியானால் அந்த அம்மா எங்கேதான் இருக்கிறார் என்பது அவள் கேள்வி. அது சிலபஸில் இல்லை என்று சொல்லி, அவளுக்கு இன்டர்னல் மார்க்கைக் குறைத்தார்.

மாடிக் கட்டடம் எழும்பியபோது வீடும் கூடவே எழும்பியது. சங்கத்துக்குச் செய்த உபகாரத்துக்காகக் காசிராஜனுக்கு ஏழாவது மாடியில் ஃப்ளாட் கொடுத்தார்கள். சாமான் இறக்கிய அன்று பால்கனிக் கதவைத் திறந்தால், எதிரே கைக்கெட்டாத தூரத்தில் அக்காவின் வாசல். அவள் அவரைப் பார்த்தாள். காசிராஜன் திரை வாங்கி மாட்டினார். மறுநாள் காலை அவள் துணி அலசிய தண்ணீரை விசிறி ஊற்ற, அது பால்கனி முழுவதையும் நனைத்துக் கீழேயும் வடிந்தது. தினமும் இப்படியே நடக்கவே கீழ்வீட்டுக்காரர்கள் சொசைட்டி கமிட்டியில் புகார் கொடுத்தார்கள். சேர்மன் காசிராஜன்தான். மேலே யாரும் இல்லாததால் அது மழை என்று கமிட்டி தீர்மானம் எழுதியது.

ஸ்ரீதேவி மட்டும் துணி காயப்போடும் கம்பின் நுனியில் சோறும் தண்ணீரும் வைத்த தூக்குப் பாத்திரத்தைக் கோத்து எதிர்வாசலுக்கு நீட்டிக்கொண்டிருந்தாள். பிறகு பாதுகாப்புக்காக எல்லாப் பால்கனிக்கும் நெருக்கமான இரும்பு கிரில் போட முடிவாயிற்று.

"கம்பு வெளிய போகாதேங்க."

"லீகலா அங்க யாரும் இல்ல, ஸ்ரீதேவி," என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அன்று இரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் இறங்கியது.

கிரில் போட்ட பிறகும் கொஞ்ச நாள் பால்கனி நனைந்தது, பிறகு ஈரம் மட்டும், பிறகு அதுவும் இல்லை. எதிர்க் கதவு திறக்கவில்லை. தகரக் கூரையில் பருந்துகள் வந்து உட்கார்ந்தன. போலீசில் சொல்லலாமா என்று ஸ்ரீதேவி கேட்டாள். என்ன அட்ரஸ் கொடுப்பது என்று காசிராஜன் கேட்டார்.

அடுத்த கூட்டத்தில், மழை நின்றுவிட்டதாகக் கமிட்டி பதிவு செய்தது. வீடு அங்கேயேதான் நிற்கிறது; மாலையில் அதன் நிழல் விழுவதால் ஏழாவது மாடியில் உஷ்ணம் குறைவு என்று வாடகை கூடுதலாகக் கேட்கிறார்கள். காசிராஜன் இப்போது வேட்டியைப் பால்கனியில்தான் காயப்போடுகிறார்.