கறி நின்றுபோன மத்தியானம்

எம்மெட் யானக் தன் லாரியின் பின்னால் இழுத்துவந்த புகையடுப்பைப் பார்த்ததும், தண்டவாளத்தைத் தொலைத்துவிட்ட ஒரு ரயில் எஞ்சின் தன் வீட்டு முற்றத்துக்கு வழி கேட்டு வந்திருப்பதுபோல நடீனுக்குத் தோன்றியது. பழைய எரிவாயு உருளை ஒன்றைப் படுக்கவைத்து, நீளவாக்கில் அறுத்து, மூடி போட்டிருந்தான் எம்மெட். ஒரு கோடியில் விறகு எரிய இரும்புப் பெட்டி. மறுகோடியில் நெடிய புகைபோக்கி. கறிக்கு நடுவில் இடம். நெருப்பு கறியைத் தொடுவதே இல்லை. அதன் மூச்சு மட்டும் கறியைத் தடவிக்கொண்டு வெளியே போகும்.

"பெக்கான் மரத்தடியில விட்டுட்டுப் போறேன். நாளைக்குச் சாயங்காலம் வருவேன். வேணும்னா வச்சுக்க, வேண்டாம்னா இழுத்துட்டுப் போயிடறேன்" என்றான் எம்மெட்.

நடீனின் கணவன் ராய்ஸ் அதற்குள் பர்ஸை எடுத்துவிட்டான். "எதுக்குடா நாளைக்கு? இப்பவே வாங்கிக்க."

"உள்ள வைடா. ஒருதடவ சமைச்சுப் பாக்காதவன்கிட்ட நான் விக்கறதில்ல. உனக்கே தெரியும்." எம்மெட் நடீன் பக்கம் திரும்பினான். "பள்ளிக்கூடத்துலயும் இவன் இப்படித்தான் தங்கச்சி. மணி அடிக்கறதுக்கு முன்னாடியே பையத் தூக்கிட்டு நிப்பான்."

நடீன் சிரித்தாள்.

அவளோடு பிறந்தவர்கள் நான்கு பேர். செப்டம்பர் மாதம் தொழிலாளர் தினத்தன்று எல்லோரும் மூத்த அண்ணன் அல்வினின் பண்ணையில் கூடுவார்கள். அல்வின் மாட்டு நெஞ்சுக்கறியை நாள் முழுக்கப் புகையில் வேகவைத்து, சாயங்காலம் மேஜையில் வைத்து அறுப்பார். அந்தக் கறியைச் சாக்காக வைத்துத்தான் அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த வசந்தத்தில் அல்வின் முட்டிவலி தாங்காமல் பண்ணையை விற்றுவிட்டு, ஹூஸ்டனில் மகள் இருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்துக்குக் குடிபோய்விட்டார். அங்கே பால்கனியில் ஒரு சுள்ளியைக்கூடக் கொளுத்த முடியாது. போன வாரம் அக்கா டோரீன் ஃபோன் செய்து, "இந்த வருஷம் அவங்கவங்க வீட்லயே இருந்துக்கலாம்டி" என்றாள். யாரும் சண்டை போடவில்லை, வருத்தப்படவும் இல்லை. நடீனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது அதனால்தான்.

"நம்ம வீட்டுக்குக் கூப்பிடுவோம். ஒரு புகையடுப்பு வாங்கினா ஆச்சு" என்றான் ராய்ஸ்.

எதையும் ராய்ஸைப்போல அவ்வளவு ஆசையாக யாராலும் ஆரம்பிக்க முடியாது. கார் கொட்டகையில் பாதி கட்டிய ஒரு படகு இருந்தது, ஒரு பாஞ்சோ வாத்தியம் இருந்தது, தேனீக்கள் ஒருபோதும் குடிவராத மூன்று தேன்பெட்டிகள் இருந்தன.

"ஒருதடவதான் வருவாங்க ராய்ஸ்," என்றாள் நடீன். "செருப்புத்தோல் மாதிரி கறியத் தின்னுட்டுப் போனாங்கன்னா, அப்புறம் வராம இருக்க ஒரு காரணம் கிடைச்சுடும். கூப்பிடாமலே இருந்தாலாவது, கூப்பிட்டா வருவாங்கன்னு நினைச்சுக்கிட்டு இருக்கலாம்."

எம்மெட் வந்துபோன மறுநாள் கிழக்கு வெளுக்கும் முன்பே ராய்ஸ் எழுந்துவிட்டான். நடீன் காப்பியோடு வெளியே வந்தபோது, உப்பும் மிளகுத்தூளும் மட்டும் அப்பிய பெரிய நெஞ்சுக்கறி உள்ளே போய் மூடி சாத்தியாகிவிட்டது. புகைபோக்கியிலிருந்து முதலில் வெள்ளையாக, திணறித் திணறி வந்த புகை, கொஞ்ச நேரத்தில் மெலிந்தது. பின்னால் இருந்த வானத்தைவிட ஒரு சாயல் மட்டுமே நீலம். உற்றுப் பார்த்தால்தான் புகை இருப்பது தெரிந்தது. அவ்வளவு பாரமான இரும்பிலிருந்து அவ்வளவு லேசான ஒன்று வருவதை அவள் காப்பி ஆறும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

ராய்ஸ் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ஓக் விறகு ஒன்று தணலாகிற நேரம் எழுந்து இன்னொன்றை வைப்பான். வைப்பதற்கு முன் அதை இரும்புப் பெட்டியின் மேலே கிடத்திச் சூடேற்றிக்கொள்வான். இதை யாரிடம் கற்றான் என்று அவளுக்குத் தெரியவில்லை. துணி துவைத்துப் போட்டுவிட்டு வந்து பார்த்தாள்; உட்கார்ந்திருந்தான். உருளைக்கிழங்கு வேகவைத்துவிட்டு வந்து பார்த்தாள், அப்படியே இருந்தான். இருபத்தாறு வருஷத்தில் இந்த ஆளை இவ்வளவு நேரம் ஓரிடத்தில் அவள் பார்த்ததே இல்லை.

"பிரசங்கம் முடியறதுக்குள்ள மூணுதடவ வெளிய போய்ட்டு வர்ற ஆளா இது?"

"பிரசங்கத்துல இந்த வாசனை வந்தா நானும் உக்காருவேன்" என்றான் அவன், புகைபோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மத்தியானம்தான் வில்லங்கம் வந்தது. கறிக்குள் குத்தியிருந்த வெப்பமானியின் முள் காலையிலிருந்து நன்றாக ஏறிக்கொண்டே வந்து, நூற்று அறுபது ஃபாரன்ஹீட்டில் நின்றுவிட்டது. ராய்ஸ் அதை விரலால் சுண்டினான், கண்ணாடியைத் துடைத்தான். ஒரு விறகு வைத்தான். முள் அசையவில்லை. இன்னும் இரண்டு வைத்தான். நடீன் சாண்ட்விச் தட்டோடு வந்தபோது புகைபோக்கியிலிருந்து வெள்ளைப்புகை மொத்தையாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அவன் கை மூடியின் பிடியில் இருந்தது.

"எம்மெட் எங்கயோ ஓட்டை விட்டிருக்கான். சூடு வெளிய போகுது. ஒருதடவ தொறந்து பாத்துடறேன்."

"தொறக்காத. இருக்கற சூடும் போயிடும்."

"கறி செத்துப்போச்சு நடீன். நின்னே போச்சு."

நின்னே போச்சு என்று அவன் சொன்னதும் அவளுக்கு அல்வினின் சமையலறை ஜன்னல் கண்முன் வந்தது. ஒவ்வொரு தொழிலாளர் தினத்திலும் மத்தியானத்தில் அல்வின் காரணமில்லாமல் சிடுசிடுப்பார். குழந்தைகளை அதட்டுவார். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு, ஐஸ் வாங்கி வருகிறேன் என்று தனியாகக் கிளம்பிவிடுவார். பெண்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரிப்பார்கள். ஐஸ் பெட்டி ஏற்கெனவே நிறைந்து வழியும். அண்ணனுக்குச் சொந்தக்காரர்களைக் கண்டாலே அலர்ஜி என்பாள் டோரீன்.

"ராய்ஸ், கறி எப்பவும் இந்த நேரத்துல நிக்கும்" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்க அண்ணன் ஐஸ் வாங்கப் போவாரு."

அவன் அவளை விழித்துப் பார்த்தான். அவள் சொல்லச் சொல்ல அவன் கை மூடியை விட்டு மெல்ல இறங்கியது. அத்தனை வருஷமும் அந்த மனுஷர் தங்களைப் பார்க்கப் பிடிக்காமல் வெளியே போகவில்லை, மூடியைத் தூக்கிவிடக்கூடாது என்று தன்னைத்தானே அங்கிருந்து அப்புறப்படுத்திக்கொண்டு போனார் என்பது அவளுக்கே சொல்லும்போதுதான் முழுசாகப் புரிந்தது. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. கெட்ட பேரை வாங்கிக்கொண்டு, கறியைக் காப்பாற்றியிருக்கிறார்.

நடீன் இடுக்கியை எடுத்து, இரும்புப் பெட்டியிலிருந்து புகைந்துகொண்டிருந்த இரண்டு விறகை இழுத்து மண்ணில் போட்டாள். பெட்டியின் கதவை ஒரு விரற்கடை திறந்து வைத்தாள். வெள்ளைப்புகை இருமி இருமித் தேய்ந்து, மறுபடி நீலமானது.

"வண்டிய எடு" என்றாள்.

"எங்க?"

"ஐஸ் வாங்க."

பெட்ரோல் பங்குக் கடையில் ஒரு மூட்டை ஐஸ் வாங்கிக்கொண்டு இருவரும் வண்டியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்கள். ராய்ஸின் முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது.

"திரும்பிப் போகலாமா?"

"ஐஸ் கொஞ்சம் உருகட்டும்."

"நீ உங்க அண்ணனவிட மோசம்" என்றான். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, "இந்தத் தடவையும் பாதில விட்டிருப்பேன்" என்றான். இதைச் சொல்லும்போது அவன் சிரிக்கவில்லை. அவள் அவன் முழங்காலின்மேல் கையை வைத்தாள். ஆட்டம் நின்றது.

திரும்பி வந்து அவன் ஒரே ஒரு விறகு வைத்தான். அவளும் ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். முள் அசைந்ததை இருவரும் ஒரே சமயத்தில் பார்த்தார்கள். தூங்குகிற குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் எம்மெட் வந்து லாரியைப் பின்னுக்கு எடுத்து, புகையடுப்பின் முகத்தருகே கொண்டுவந்து நிறுத்தினான்.

"வெந்துச்சா?"

"இன்னும் இல்ல" என்றான் ராய்ஸ்.

"நெருப்போட ரோட்டுல இழுத்துட்டுப் போனா ஷெரிஃப் என்னை உள்ள வச்சுடுவான். சரி, ஒரு பீர் குடு." அவன் ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்தான். "மூடியத் தொறந்தியா?"

"இல்லடா."

"பொய் சொல்லாத. எல்லாரும் தொறப்பாங்க."

"தொறக்கலண்ணே. நான் கூட இருந்தேன்" என்றாள் நடீன்.

எம்மெட் தொப்பியைக் கழற்றி ராய்ஸை மேலும் கீழும் பார்த்தான். கேலியாக ஏதோ சொல்ல வாயெடுத்து, அதற்குப் பதில் பீரைக் குடித்தான்.

கறியை வெளியே எடுத்து, பழுப்புத் தாளில் சுற்றி ஆறவிட்டு, அறுக்கும்போது வெயில் சாய்ந்திருந்தது. மேற்புறம் எரிகல் மாதிரி கறுத்திருந்தது. கத்தி இறங்கியதும் உள்ளே ஓரம் முழுக்க ரோஜா நிறத்தில் ஒரு வளையம் தெரிந்தது. கொழுத்த பக்கத்துத் துண்டு விரலில் தொங்கி, தன் பாரத்தில் தானே மெதுவாகப் பிய்ந்தது.

"ஒல்லிப் பக்கம் காஞ்சிருக்கு" என்றான் எம்மெட், மூன்றாவது துண்டை மென்றுகொண்டே. "அவ்ளோதான். வேற குறை சொல்ல எனக்கு வாய் வரல."

வெள்ளை ரொட்டி, ஊறுகாய் போட்ட வெள்ளரி, பச்சை வெங்காயம். நடீன் நின்றுகொண்டே தின்றாள். அண்ணன் கறியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று காலையிலிருந்து நினைத்திருந்தாள். இரண்டாவது துண்டு பாதி தீர்ந்தபிறகுதான் அதை மறந்துவிட்டது தெரிந்தது. மிளகின் காரம் முதலில் வந்து, ஓக்கின் வாசனை கடைசிவரை தங்கியது. இது வேறு கறி. முன்னும் பின்னும் அலைகிற ஒரு மனிதன் அலையாமல் உட்கார்ந்து செய்த கறி. அவள் நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டவேண்டியது இதைத்தான்.

"என்னடா, வேணுமா, வேண்டாமா?" என்றான் எம்மெட்.

ராய்ஸின் கை பர்ஸுக்குப் போகவில்லை. "அவ சொல்லட்டும்" என்றான்.

நடீன் கையைத் துடைக்காமலே சமையலறைக்குள் போய் ஃபோனை எடுத்தாள். ஜன்னல் திறந்திருந்தது.

"அக்கா, தொழிலாளர் தினத்துக்கு எல்லாரும் இங்க வந்துடுங்க... இல்ல, அண்ணன் சமைக்கல. அவர நாற்காலியில உக்கார வச்சுடுவோம்... ராய்ஸ்தான்... சிரிக்காத. வந்து தின்னுட்டு அப்புறம் சிரி... நீ உருளைக்கிழங்கு சாலட் கொண்டுவா, கடுகு கம்மியாப் போடு."

வெளியே எம்மெட் கடைசித் துண்டை ரொட்டியில் மடித்துக்கொண்டு லாரியில் ஏறினான். பின்னால் எதையும் பூட்டாமல், வெறும் வண்டியாகவே தெருவுக்கு ஓட்டிக்கொண்டு போனான்.