நாகர் போன காவு

வேலப்பண்ணனின் காவில் ஒரு சுள்ளி பொறுக்கினால் போதும், "கண்ணு போயிரும்!" என்று ஊரைக் கூட்டிவிடுவார். பாறசாலையில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே அவர் பாட்டன் காலத்திலிருந்து நிற்கும் நாகர் காவு அது, பாம்புச் சாமிகளுக்கென்று விட்ட மரக்கூட்டம். நான் சபைக்குப் போகிற வேதக்காரி. பாம்புக்குப் பயப்படுவேன், கும்பிட மாட்டேன். ஆனால் சித்திரையில் தெருக் கிணறெல்லாம் வற்றும்போது என் கிணற்றில் மட்டும் தண்ணீர் கிடப்பது அந்த மரங்களால்தான் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

தொண்ணூற்றெட்டில் அவர் மகன் பிஜு மாடிவீட்டுப் பிளானோடு கல்ஃபிலிருந்து வந்து இறங்கினான். அண்ணன் உடனே ஒரு தந்திரியை அழைத்துப் பூசை போட்டார். நாகரைக் குடத்தில் ஆவாகித்து, கோயிலில் கொண்டுபோய்க் குடியிருத்தியும் ஆயிற்று.

"இனி அது வெறும் பறம்பு நிலம் தாசம்மா. நாளைக்கு மரம் முறிக்க ஆளு வருது" என்றார்.

"நாகரு போனா போட்டும். எனக்கத் தண்ணியும் கூடப் போவுமே அண்ணே?"

"அதுக்கு நான் என்ன செய்ய? பைப்பு வருதுல்லா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாமி இருந்தவரை சுள்ளிக்கே கண் போகும், சாமி போனதும் மரமே போகலாமா? என்ன நியாயம் இது! வீட்டுக்காரரிடம் சொன்னால், "அவன் நிலம், அவன் இஷ்டம்" என்று ஒதுங்கிக்கொண்டார்.

விடிந்ததும் ஒரு மண்விளக்கில் எண்ணெய் ஊற்றி, நாகர் இருந்த தரையில் ஏற்றி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை போதகர் கேட்பார். கேட்கட்டும். "கர்த்தாவே, இது கும்பிடு இல்ல, காவலு" என்று வாய்விட்டே சொல்லிவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

மரம் வெட்ட வந்தவர்கள் விளக்கைப் பார்த்தார்கள். தோளிலிருந்த கோடாலியை இறக்கவே இல்லை.

"விளக்கு எரியுத எடத்துல நாங்க கை வைக்க மாட்டோம்" என்று வந்த வழியே நடையைக் கட்டினார்கள்.

வேலப்பண்ணன் ஓடிவந்தார். "உனக்கென்ன பிராந்தா? அங்க ஒண்ணும் இல்லேன்னு சொன்னேன்லா!"

வைதுகொண்டே வந்தவர் விளக்கருகே செருப்பைக் கழற்றினார். கழற்றியது அவருக்கே தெரியவில்லை. அணைக்கக் குனிந்தார், ஆனால் துணிச்சல் வரவில்லை. என்னைப் பார்த்தார்.

"பிள்ளே, நீ வேதக்காரி. நாகரை நம்புதியா?"

"நாளைக்கும் ஏத்துவேன், மறுநாளும் ஏத்துவேன். நான் எதுக்கு அண்ணே நம்பணும்? நீங்க நம்புதீங்கல்லா, அது போதும்."