பெயர் சொல்லாத கேள்வி

ஏழாவது திருகாணியும் இறங்கிய பிறகுதான் ஊலாயுக்கிற்குக் கையுறை ஞாபகம் வந்தது.

"தம்பி, மூடியத் திற. வெறுங்கையோட போறாரு."

கொழுந்தன் ஜைபிதி மறுபேச்சில்லாமல் ஏழு திருகாணிகளையும் திரும்பக் கழற்றினான். காலை விமானத்தில் வந்து இறங்கியவன். இந்தத் தொகுதி உறுப்பினனாகத் தலைநகரில் சட்ட அவைக்குப் போட்டுப் போகும் கடல்நாய்த் தோல் மேற்சட்டையைக்கூட மாற்றாமல் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் முட்டி போட்டிருந்தான். பெட்டி, ஊர்ப் பட்டறையில் ஒட்டுப்பலகையால் அடித்தது. ஊலாயுக் கையுறைகளை மாட்டிவிடப் பார்த்தாள். விரல்கள் மடங்கவில்லை. கடைசியில் இரண்டையும் கணவரின் மார்பின்மேல் வைத்தாள். முப்பத்தொரு வருடம் கூப்பிட்ட பெயர் தொண்டைவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

இறந்தவரின் பெயர் ஒரு பச்சைப்பிள்ளைக்குப் போய்ச் சேரும்வரை அதை வாய்விட்டுச் சொல்லக்கூடாது. பெயர்தான் ஆள். அதற்குள் நாலு வாய் அதை மென்று துப்பினால் பிள்ளைக்குச் சக்கைதான் மிஞ்சும். வடகோடி இனுவிட் ஊர்களில் பாதி வீடுகள் இந்த வழக்கத்தைக் கைகழுவிவிட்டன. ஊலாயுக்கின் வீடு விடவில்லை. சற்றுமுன் ஜெபம் செய்த போதகர்கூட அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து, "நம்ம சகோதரர், நம்ம சகோதரர்" என்றே ஒப்பேற்றினார்.

பெயர் போய்ச் சேர வேண்டிய பிள்ளை இன்னும் மகள் ரீபாவின் வயிற்றில் இருந்தது. ரீபா தலைநகரில் இருந்தாள். இந்த ஊரில் பிரசவம் பார்க்க ஆள் கிடையாது. மாதம் நெருங்கினால் பெண்களை விமானத்தில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். நாள் நெருங்கிவிட்டதால் அப்பனை அடக்கம் பண்ண அவளைத் திருப்பி அனுப்ப மறுத்துவிட்டார்கள். பிரசவத்துக்கு இன்னும் பத்து நாள் ஆகுமாம்.

பெட்டியைச் சறுக்குவண்டியில் கட்டி, பனிமோட்டார் வண்டியால் இழுத்துப் போனார்கள். ஊர் முழுக்கப் பின்னால் நடந்தது. மார்ச் மாத வெயில் பனியில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. மண் இறுகிவிட்டால் கடப்பாரையே வளைந்துவிடும் என்பதால் குளிர்காலத்துச் சாவுகளுக்கான குழிகளைச் செப்டம்பரிலேயே தோண்டிப் பலகை போட்டு மூடிவிடுவார்கள். சென்ற செப்டம்பரில் ஐந்து. தோண்டியவர் அவள் கணவரேதான். ஊராட்சியின் மண்வெட்டி இயந்திரத்தை இருபது வருடம் ஓட்டியவர். ஆறாக வெட்டச் சொன்னார்களாம். "அஞ்சு போதும். ஆறு வெட்டினா ஆறையும் நெரப்பிட்டுத்தான் விடுவானுங்க" என்று வீட்டுக்கு வந்து தேநீர் குடித்துக்கொண்டே சிரித்தார். இவர் நாலாவது.

ஜனவரி கடைசியில் இருமல் தொடங்கியது. ஐந்து வாரத்தில் நலநிலையத்துக்கு மூன்று தடவை போனார். மூன்று தடவையும் வேறு வேறு செவிலிகள், ஒரே மாத்திரை. தெற்கிலிருந்து ஒரு மாதத்துக்கு வருகிற செவிலிக்கு, போன மாதம் இவர் எப்படி மூச்சு விட்டார் என்று எப்படித் தெரியும்? நாலாவது தடவை தூக்கிக்கொண்டு போனார்கள். அப்போதுதான் தலைநகர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக விமானத்துக்குச் சொன்னார்கள். விமானம் வருவதற்குள் புயல் வந்தது, இரண்டு நாள் நின்று அடித்தது. புயலை யாரும் குறை சொல்லவில்லை. புயலுக்கு முன்னால் ஐந்து வாரம் வானம் தெளிவாகத்தான் இருந்தது.

மண் தள்ளி முடித்ததும் ஜைபிதி அவளைப் பனிமோட்டாருக்கு அந்தப் பக்கம் அழைத்துப் போனான்.

"அண்ணி, நாளைக்கு அவையில கடைசி நாள். அதுக்கப்புறம் மே கடைசிலதான் கூடும்."

"போயிட்டு வா."

"கேள்வி கேக்கப் போறேன். அண்ணன் பேரச் சொல்லித்தான் கேக்கணும். நீங்க சரின்னு சொல்லணும்."

அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவசரமாகப் பேசினான்.

"நாலு தடவ எழுந்து கேட்டாச்சு. செவிலி நிக்க மாட்டேங்குறாங்க, டாக்டர் வரதில்லன்னு. ஒவ்வொரு தடவையும் என்ன சொல்றாங்க? 'பொதுவாச் சொன்னா எப்படி? யாருன்னு சொல்லுங்க, விசாரிக்கிறோம்'. அவ்வளவுதான். எனக்குக் குடுத்த ரெண்டரை நிமிஷம் முடிஞ்சுது. ஒரு பேரு இருந்தா அவங்களால தட்டிக் கழிக்க முடியாது."

"பத்து நாளு பொறு. புள்ள பொறக்கட்டும். அப்புறம் ஊரெல்லாம் தம்பட்டம் அடி."

"பத்து நாள்ல அவை இருக்காது அண்ணி."

"நாலு தடவ கேட்டியே, இவருக்கு ஒரு ஊசி வந்துச்சா?"

சொன்ன பிறகு அது அதிகம் என்று அவளுக்கே தெரிந்தது. திரும்ப எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. கணவர் இருந்தவரை தம்பி அவையில் பேசுவதைத் தொலைக்காட்சியில் பார்த்து, "பாரு, அடி வாங்கறதுக்கு முன்னாடியே நன்றி சொல்றான்" என்று கேலி செய்வார். ஆனால் ஒரு நாளும் பார்க்காமல் விட்டதில்லை.

"எங்கிட்ட மிச்சம் இருக்கிறது அந்தப் பேரு ஒண்ணுதான் தம்பி," என்றாள். "அதையும் கொண்டுபோய் அங்க வச்சு இறைக்காத. எம் புள்ளைக்கு அவங்க அப்பா முழுசாத் திரும்பி வரணும்."

ஜைபிதி பனியைக் காலால் கீறினான்.

"சரி அண்ணி. சொல்லல," என்றான். மதிய விமானத்தில் போய்விட்டான்.

மறுநாள் ஒன்றரை மணிக்கே வீடு நிறைந்துவிட்டது. சாவு வீட்டைத் தனியாக விடுகிற வழக்கம் அங்கே இல்லை. தரையில் அட்டை விரித்து, உறைந்த கலைமான் இறைச்சியை வெட்டி வெட்டித் தின்றார்கள். பக்கத்து வீட்டு அலூக்கி தொலைக்காட்சியைப் போட்டாள். அவள் வாய் சும்மா இருக்காது.

"இவ நம்ம பக்கத்து ஊர்க்காரிதான?" என்றாள், சுகாதார அமைச்சர் திரையில் வந்ததும். "சின்ன வயசுல மூக்கு ஒழுகிக்கிட்டு நம்ம வீட்ல ரொட்டி தின்னவ. இப்ப பேச்சப் பாரு, வெண்ணெய் வெட்டுற மாதிரி."

ஜைபிதி எழுந்தான். அதே மேற்சட்டை. கையில் தாள் இருந்தது, அதைப் பார்க்கவில்லை.

"அவைத்தலைவரே, என் தொகுதியில் ஒரு மனிதர் ஐந்து வாரத்தில் மூன்று தடவை நலநிலையத்துக்குப் போனார். மூன்று தடவையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். நேற்று அவரை அடக்கம் செய்தோம். அவர் என் அண்ணன். இது எப்படி நடந்தது என்று அமைச்சர் சொல்வாரா?"

அறையில் மெல்லுகிற சத்தம் நின்றது.

அமைச்சர் எழுந்தாள். குரலில் நிஜமான வருத்தம் இருந்தது, அதை மறுப்பதற்கில்லை. "உறுப்பினரின் துக்கத்தில் நானும் பங்குகொள்கிறேன். அவருடைய அக்கறைக்கு நன்றி. ஆனால் எந்த நோயாளி, எந்தத் தேதி என்று குடும்பத்தின் சம்மதத்தோடு பெயர் சொன்னால்தான் இந்த அவையில் நான் விசாரணைக்கு உத்தரவு தர முடியும். பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் சொல்ல முடியும்."

"சொல்லுடா," என்றார் மூலையில் யாரோ ஒருவர். உடனே ஊலாயுக்கின் பக்கம் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

"கடைசித் துணைக்கேள்வி," என்றார் அவைத்தலைவர்.

ஜைபிதி மறுபடி எழுந்தான். தலையை உயர்த்தி நேராகப் படக்கருவியைப் பார்த்தான். அந்த வீட்டில் இருந்த அத்தனை பேருக்கும் அவன் யாரைப் பார்க்கிறான் என்று தெரிந்தது. ஊலாயுக் முழங்காலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். நேற்று வேண்டாம் என்றவள்தான். இப்போது இவன் தன் சொல்லைக் காப்பாற்றிவிடுவானோ என்று பயந்தாள். ஏன் இவனைப் போய் இவ்வளவு நல்லவனாக வளர்த்தார் அந்த மனுஷன் என்று ஆத்திரம் வந்தது.

"விவரங்களைப் பின்னால் எழுத்து மூலமாகத் தருகிறேன், அவைத்தலைவரே," என்றான் ஜைபிதி. உட்கார்ந்துவிட்டான்.

"உறுப்பினருக்கு நன்றி," என்றாள் அமைச்சர்.

"பனிலு," என்றாள் ஊலாயுக்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் சொல்லிவிட்டாள். அலூக்கியின் கையில் கோப்பை அந்தரத்தில் நின்றது.

"பனிலு," என்றாள் மறுபடியும், திரையில் இருந்த அமைச்சரைப் பார்த்து. இந்த முறை வாசல்வரை கேட்டது. "அம்பத்தெட்டு வயசு. ஊராட்சி வண்டி ஓட்டினவரு. ஜனவரி முப்பது, பிப்ரவரி பதினொண்ணு, பிப்ரவரி இருபத்தாறு. மூணு தடவையும் நான்தான் கூட வந்தேன். என்னக் கேளு."

அமைச்சர் தாள்களைத் தட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுத்த உறுப்பினர் எழுந்து, தன் ஊர்க் குப்பைமேட்டு வேலியைப் பனிக்கரடிகள் பிரித்துப்போட்டதைப் பற்றிக் கேட்டார். அதற்கு உடனே பதில் இருந்தது. கோடையில் முதல் கப்பலில் புது வேலி வருமாம்.

யாரும் ஊலாயுக்கின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துக் கையை எடுத்தாள்.

"ரீபாகிட்ட யாரும் சொல்லிடாதீங்க," என்றாள்.

அலூக்கி கோப்பையைக் கீழே வைத்தாள். ஊரிலேயே நீள நாக்கு அவளுடையது.

"என்னத்தச் சொல்ல," என்றாள். "எங்க யாரு காதுலயும் ஒண்ணும் விழலயே."

மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஒருவர் கத்தியை எடுத்து மறுபடி இறைச்சியை வெட்டத் தொடங்கினார். திரையில் அவையை மே இருபத்தேழுவரை ஒத்திவைத்தார்கள். உறுப்பினர்கள் எழுந்து ஒருவர் கையை ஒருவர் குலுக்கிக்கொண்டார்கள்.