இடுப்பில் மறைத்து வைக்க ஒன்று

டன்மோர் ஊரில் நெல்டா க்ராஸின் கடைக்குப் போய்க் கைத்துப்பாக்கி வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. மற்ற கடைகளில் கையெழுத்தைப் போட்டோமா, பெட்டியைத் தூக்கினோமா என்று வந்துவிடலாம். இவள் கடை நடுவில் ஒரு மர நாற்காலி போட்டு வைத்திருப்பாள். சட்டைக்குள் மறைத்து வைத்துக்கொள்ளத் துப்பாக்கி கேட்டு வருகிறவர் யாரானாலும், நீலப் பிளாஸ்டிக்கில் செய்த பொம்மைத் துப்பாக்கியை உறையோடு இடுப்பில் செருகிக்கொண்டு அதில் உட்கார வேண்டும், எழுந்திருக்க வேண்டும். தரையில் அவள் போடுகிற ஆணியைக் குனிந்து பொறுக்க வேண்டும். மேல் தட்டிலிருக்கும் காபி டப்பாவை எட்டி எடுக்க வேண்டும். அதற்குள் சட்டை விலகித் துப்பாக்கி வெளியே தெரிந்துவிட்டால், வேறு அளவு, வேறு உறை, மறுபடியும் முதலிலிருந்து. மாவட்ட நீதிபதியே வந்தாலும் ஆணி பொறுக்காமல் போக முடியாது.

அன்று செவ்வாய்க்கிழமை காலையில் அந்தப் பாடு படவேண்டிய முறை பாப்டிஸ்ட் சர்ச் பாஸ்டருக்கு. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்ததிலேயே சின்னதாகப் பார்த்து எடுத்திருந்தார்.

“இந்தக் குட்டி போதும் நெல்டா. உள்ளங்கையிலயே அடங்கிடுது பாருங்க.”

“அடங்கும் பாஸ்டர். சுட்டாத்தான் அடங்காது. சின்னதா இருக்க இருக்க உதை ஜாஸ்தி. ரெண்டு தடவை சுட்டுட்டு, மணிக்கட்டு வலிக்குதுன்னு கார்ல போட்டுருவீங்க. அப்புறம் அது அங்கேயே குடித்தனம் பண்ணும்.”

“அப்போ அந்தப் பெரிசு?”

“பெரிசை வச்சுக்கிட்டு ரெண்டு கையையும் தூக்கி ஜெபம் பண்ணுங்க பார்ப்போம்.”

பாஸ்டர் கையைத் தூக்கினார். சட்டை ஏறியது. இடுப்பில் நீலப் பிடி பளிச்சென்று தெரிந்தது.

“முன்வரிசைல உக்கார்ற பாட்டிமாருங்க அத்தனை பேரும் பார்த்துட்டாங்க,” என்றாள் நெல்டா. “அடுத்த ஞாயித்துக்கிழமை பிரசங்கத்தை ஒருத்தர் காதுல வாங்க மாட்டாங்க.”

கடைசியில் ஒரு நடுத்தர அளவில் சமாதானம் ஆயிற்று. பாஸ்டர் நாற்பது கேள்வி கேட்டார். பெல்ட் எவ்வளவு அகலம் வேண்டும், வண்டி ஓட்டும்போது விலாவில் குத்துமா, எத்தனை நாளுக்கு ஒருமுறை துடைக்க வேண்டும். அத்தனைக்கும் நெல்டா சலிக்காமல் பதில் சொன்னாள். கேள்வி கேட்கிற ஆளை அவளுக்குப் பிடிக்கும். நாளைக்கும் நாளை மறுநாளும் உயிரோடு இருந்து இதைச் சுமக்கப் போகிறவன்தான் கேள்வி கேட்பான் என்பது அவள் கணக்கு.

பாஸ்டர் போன கொஞ்ச நேரத்தில் வெர்லின் ஹாஸ்கெட் உள்ளே வந்தார். முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். நெல்டாவின் பிள்ளைகள் மூன்று பேரும் அவர் பஸ்ஸில் போய்ப் படித்தவர்கள்தான். பனி கொட்டினாலும் நிறுத்தத்தில் ஒரு பிள்ளை குறைந்தால் ஹாரன் அடித்துக் காத்திருக்கிற மனுஷர்.

“மறைச்சு வச்சுக்கிற மாதிரி ஒன்னு குடு நெல்டா,” என்றார்.

“என்ன மாதிரி வேணும்?”

“எதுவா இருந்தாலும் சரி.”

“கையில எடுத்துப் பாரு. சிலது பிடி தடிமனா இருக்கும்.”

“நீ குடுத்தா சரியாத்தான் இருக்கும்.” அவர் கண்ணாடிப் பெட்டியைப் பார்க்கக்கூட இல்லை. சுவரில் மாட்டியிருந்த மான் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நெல்டா பெட்டியைத் திறக்கவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் இப்படித்தான் ஒருவர் ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கிக்கொண்டு போனார். மூன்றாம் நாள் ஷெரீஃப் ஆபீஸிலிருந்து ஆள் வந்து விற்ற சீட்டைக் கேட்டபோதுதான், அந்த மனுஷர் தன்னையே சுட்டுக்கொள்ளத்தான் அதை வாங்கினார் என்பது அவளுக்குப் புரிந்தது. அந்த முகத்தை அவள் இன்னும் மறக்கவில்லை. நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று பாத்திரம் கழுவும்போதுகூட நினைத்துக்கொள்வாள். இன்னொரு தடவை வாயை மூடிக்கொண்டிருப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்திருந்தாள்.

“வெர்லின், சுத்தி வளைக்காம கேக்குறேன். உன்னை நீயே ஏதாவது பண்ணிக்கப் போறியா?”

அவர் திரும்பிப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தாள். அவர் சிரித்தார், அதுவும் பாதியில் நின்றுபோயிற்று.

“சே, அதெல்லாம் இல்ல. எனக்கில்ல.”

“அப்போ யாருக்கு?”

வெர்லின் மறுபடியும் மான் தலையைப் பார்த்தார்.

“கோடிக்கு.”

கோடி அவருடைய மகன். முப்பத்து நாலு வயது. கூரை போடும் வேலையில் இடுப்பு ஒடிந்து, வலிக்கு என்று கொடுத்த மாத்திரையில் ஆரம்பித்து, இப்போது எந்தப் போதையை வேண்டுமானாலும் உறிஞ்சுகிற நிலைக்கு வந்திருப்பது ஊருக்கே தெரியும். யாரும் வெர்லின் முன்னால் பேசமாட்டார்கள்.

“டோரிஸ் கையில கட்டுப் போட்டிருக்காளே, படில விழுந்தாள்னு சொன்னியே?” என்று கேட்டாள் நெல்டா. டோரிஸ் அவர் மனைவி.

“விழல. என் வண்டிச் சாவி கேட்டான். அவ தரமாட்டேன்னா. முறுக்கிட்டான்.” வெர்லின் தன் மணிக்கட்டையே தடவிக்கொண்டார். “வெள்ளிக்கிழமை திரும்ப வர்றானாம். சாவி இல்லேன்னா வீட்டோட உங்களையும் சேர்த்துக் கொளுத்திடுவேன்னு சொல்லிட்டுப் போயிருக்கான். என் மான் துப்பாக்கியெல்லாம் தம்பி வீட்ல கொண்டுபோய் வச்சுட்டேன். வீட்ல இருந்தா எடுத்துருவான். அதான், உடம்போட இருக்கிற மாதிரி ஒன்னு.”

“ஷெரீஃப்கிட்ட சொன்னியா?”

“என் வீட்டு விஷயத்துக்கு எதுக்கு ஷெரீஃப்?”

டன்மோர்க்காரர்களின் புத்தி அப்படி. இடுப்பில் துப்பாக்கி செருகிக்கொண்டு மளிகைக் கடைக்குப் போவதில் ஒரு கூச்சமும் கிடையாது. வீட்டுச் சண்டையைக் கோர்ட்டு ஜன்னலில் போய்ச் சொல்வதென்றால் மானம் போய்விடும். நெல்டாவும் அதே ஊர்க்காரிதான். தன் முதல் புருஷனிடம் ஆறு வருஷம் அடிவாங்கிவிட்டு, எருமை மாதிரி கதவில் மோதிக்கொண்டேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள். அதனால் வெர்லினைப் பார்க்க அவளுக்கு ஆத்திரமும் வந்தது, அழுகையும் வந்தது.

“சரி. நாற்காலில உக்காரு,” என்றாள்.

நீலப் பொம்மையை அவர் இடுப்பில் செருகினாள். அவர் உட்கார்ந்தார். பஸ் சீட்டில் உட்கார்கிற மாதிரியே முதுகை நேராக வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நெல்டா கதவுப் பக்கம் போய் நின்றாள்.

“இப்போ நான்தான் கோடி. உள்ள வர்றேன். எடு.”

அவர் எடுத்தார். பழகின கைதான், தடுமாறவில்லை. ஆனால் பொம்மையின் முனை அவள் பக்கம் வரவே இல்லை. தரையையே பார்த்தது.

“மறுபடியும்.”

மறுபடியும் தரை. மூன்றாம் தடவையும் அதேதான்.

“மேல தூக்கு வெர்லின். பொம்மைதானே?”

“தூக்குறேன்,” என்றார். அவர் நெற்றியில் வேர்த்திருந்தது. கை எழவில்லை.

நெல்டா நாலு எட்டு முன்னால் வந்தாள். செய்யப்போகிற காரியம் அவளுக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் வலது கையை நீட்டினாள்.

“அப்பா, அதக் குடு,” என்றாள்.

வெர்லின் கொடுத்துவிட்டார்.

யோசிக்கவே இல்லை. பிடி அவள் பக்கம் இருக்கும்படி பதவிசாகத் திருப்பி அவள் உள்ளங்கையில் வைத்தார். சின்ன வயதில் கோடிக்குக் கத்தரிக்கோல் எடுத்துக் கொடுத்தபோதும் அப்படித்தான் கொடுத்திருப்பார். கொடுத்த பிறகுதான் தன் வெறும் கையைப் பார்த்தார். அப்புறம் அந்தக் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டார்.

நெல்டா அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். முழங்கால் வலியை நினைக்காமல் உட்கார்ந்துவிட்டாள், எழுந்திருப்பது பெரும்பாடு.

“அவன் கேட்டா நீ குடுத்துருவே,” என்றாள். “எதைக் கேட்டு நீ இல்லைன்னு சொல்லியிருக்கே? நான் இன்னைக்கு இதை உனக்கு வித்தேன்னா, வெள்ளிக்கிழமை அது அவன் கையில இருக்கும். அப்புறம் டோரிஸ் இருக்க மாட்டா. இல்ல நீ இருக்க மாட்டே. இல்ல, போலீஸ் வந்து அவனைச் சுட்டுப் போட்டுரும்.”

“அப்போ நான் என்னதான் பண்றது?”

“கோர்ட்டுல ஒரு காகிதம் இருக்கு. அவன் வீட்டுப் பக்கம் வரக்கூடாதுன்னு ஜட்ஜ் இன்னைக்கே கையெழுத்துப் போடலாம். வந்தான்னா ஷெரீஃப் பிடிச்சுட்டுப் போவாங்க. உள்ள இருந்தா உயிரோடவாவது இருப்பான். காகிதம் வேலை செய்யுமான்னு என்னைக் கேக்காதே, எனக்குத் தெரியாது. அதனால நீயும் டோரிசும் வெள்ளிக்கிழமை உன் தம்பி வீட்டுக்குப் போயிருங்க.”

“பெத்த புள்ள மேல கேஸ் குடுக்கச் சொல்றியா நெல்டா?” என்றார். “ஊர் காறித் துப்பும்.”

“பெத்த புள்ளையச் சுடறதுக்கு என் கடைக்கு வந்தவன்தானே நீ? அதுக்குத் துப்பாத ஊரு இதுக்குத் துப்பினா துடைச்சுக்கோ.”

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். வெர்லின் அவளை வெறித்துப் பார்த்தார். எழுந்து போய்விடுவார், இருபது மைல் தள்ளியிருக்கும் இன்னொரு கடையில் எதையாவது வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார், எல்லாம் கெட்டது என்று அவள் நினைத்தாள். அவர் எழுந்தார். குனிந்து அவள் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

“நீயும் வர்றியா?” என்று மட்டும் கேட்டார்.

மான் வேட்டை தொடங்கப் பத்து நாள்தான் இருந்தது. வருஷத்திலேயே வியாபாரம் சூடு பிடிக்கிற வாரம். நெல்டா கதவைப் பூட்டினாள்.

கோர்ட்டில் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். அவளும் ஒரு காலத்தில் வெர்லின் பஸ்ஸில் ஏறியவளாக இருக்கலாம். அவருக்கு ஞாபகமில்லை. அவள் படிவத்தைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, கேட்டுக் கேட்டு எழுதினாள்.

“யாருக்கு எதிரா சார்? முழுப் பேர் சொல்லுங்க.”

வெர்லின் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. நெல்டா அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். தானே சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். சொல்லவில்லை, இது அவர் சொல்லவேண்டியது.

“கோடி ரே ஹாஸ்கெட்,” என்றார்.

“உறவு?”

“மகன்.”

அந்தப் பெண் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினாள்.

“பிறந்த தேதி?”

இதற்கு மட்டும் அவர் யோசிக்கவே இல்லை.

“மார்ச் ஒன்பது, தொண்ணூறு. விடியக்காலம் நாலு இருபது.”

“நேரம் வேண்டாம் சார்,” என்றாள் அந்தப் பெண், மெதுவாக.

வெர்லின் தலையை ஆட்டினார். பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.